கிரெய்கிபர்னில் நாற்பது பேர்

பக்கீர் முகைதீன் காக்காவின் வீட்டுக்கு முதன்முறை போனபோது, ஆள் சரியான கஞ்சன் என்று முடிவு கட்டிவிட்டேன். வரவேற்பறையில் சோபா இல்லை. டீப்பாய் இல்லை. சுவரில் ஒரு கடிகாரத்துக்குக்கூட ஆணி அடித்திருக்கவில்லை. தோட்டத்தில் போட்டு உட்காருகிற வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் சுவரோரமாக வரிசையாக நின்றன. மெல்பேர்னுக்கு வந்து பதினான்கு வருடம் என்றார். பதினான்கு வருடத்தில் ஒரு சோபா வாங்காத மனுஷனை வேறு என்னவென்று நினைப்பது? எனக்கு இது ஒரு வியாதி. ஆளைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடுவேன். பிறகு சாவகாசமாகத் திருத்திக்கொள்வேன். என் மனைவி சஃபா இதற்காகவே என்னை ஜட்ஜ் ஐயா என்று கூப்பிடுவாள்.

“இருங்க ஜாஹிர் தம்பி, கதிரையில இருங்க,” என்றார் காக்கா. என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். “பாரமான சாமான் ஒண்டும் வாங்கிறதில்ல. போகப் போற ஆக்கள்தானே.”

“எங்க போகப் போறீங்க காக்கா?”

“ஊருக்கு.”

அவருக்கு உலகத்தில் ஊர் ஒன்றுதான். அதற்குப் பெயர் தேவையில்லை. மன்னார்ப் பக்கம் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1990 அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கைக்குழந்தை ரிஸ்னாவையும் ஒரு துணிப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு காக்காவும் அவர் மனைவி பக்ருன்னிசா ராத்தாவும் தோணியேறிப் புத்தளத்துக்குப் போனார்கள். அங்கே ஆறு வருடம் ஓலைக் கொட்டில். பிறகு ராத்தாவின் அண்ணன் ஸ்பான்சர் செய்ய, மெல்பேர்ன். கேம்பல்ஃபீல்டில் கார்ச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் காக்கா வேலை பார்த்தார். அதை மூடிவிட்டார்கள். அந்த வயதில் வேறு வேலை கிடைக்கவில்லை. கடைகளின் விளம்பரத் தாள்களை வீட்டுக்கு வீடு தபால்பெட்டியில் போடும் வேலையை எடுத்துக்கொண்டார்.

அப்படித்தான் எனக்கும் பழக்கமானார். 2010-இல் நாங்கள் கிரெய்கிபர்னில் புதுவீட்டுக்குக் குடிவந்த வாரம் அது. எங்கள் தெரு அப்போது வரைபடத்திலேயே ஏறியிருக்கவில்லை. பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. தாளைப் பெட்டியில் போடாமல் கையோடு கொண்டுவந்து கதவைத் தட்டினார். எங்கள் வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்தார், கதவில் ஒட்டியிருந்த அரபு எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தமிழோ?” என்றார். சலாம் சொன்னது அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து, அவர்கள் ஊர் வழக்கப்படி, அண்ணன் முறைக்கு அவர் எனக்குக் காக்கா, அக்கா முறைக்கு அவர் மனைவி ராத்தா.

அந்த வருட நோன்பு மாதத்தில் ஒருநாள் எங்களை நோன்பு திறக்க அழைத்திருந்தார்கள். கஞ்சியைக் குடித்துவிட்டு எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாய்ந்திருந்தோம். சாய்ந்தால் பின்கால் வளைந்துகொடுக்கும், அதனால் பாதிதான் சாயலாம். பேச்சு எங்கேயோ சுற்றிக் குத்பாவில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகைக்கு முன்னால் நடக்கிற பிரசங்கம்தான் குத்பா. நாங்கள் போகிற பள்ளிவாசலில் அது துருக்கி மொழியில் நடக்கும், கொஞ்சம் ஆங்கிலமும் வரும். எனக்கு ஆங்கிலம் போதும். குசினி வாசலில் நின்றுகொண்டிருந்த பக்ருன்னிசா ராத்தா சொன்னார்:

“ஊரில பள்ளிக்குப் பக்கத்து வீடு எங்கட. வெள்ளிக்கிழமை பயான் ஸ்பீக்கரில குசினிக்குள்ளயே வரும். மீன் வெட்டி வெட்டிக் கேப்பன். இங்க வந்த நாளில இருந்து ஒண்டும் விளங்குதில்ல தம்பி. சும்மா தலைய ஆட்டிப் போட்டு வாறன். மௌத்தாகிறதுக்கு முன்னம் ஒரு வெள்ளிக்கிழமையாவது எனக்கு விளங்குற பாசையில கேக்கோணும்.”

ராத்தா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் காக்கா சிரிக்கவில்லை. கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “கேப்பீங்க,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த மனிதர் அடுத்த ஒரு வருடத்துக்கு மேல் கிரெய்கிபர்னைச் சல்லடை போட்டுச் சலித்தார்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்ஆ கூடுவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒரே சட்டம் இல்லை. நான் பள்ளப்பட்டி ராவுத்தர், ஹனஃபி வழி. இமாமும் கூட மூன்று பேரும் இருந்தால் எங்களுக்கு வேலை முடிந்தது. காக்கா ஷாஃபி வழி. இலங்கைக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான், கீழக்கரை, காயல்பட்டினத்துக்காரர்களும் அப்படித்தான். அவர்களுக்கு வயது வந்த நாற்பது ஆண்கள் வேண்டும். வெறும் நாற்பது தலை போதாது. அந்த இடத்திலேயே குடியிருப்பவர்களாக, அதைவிட்டு ஒரேயடியாகப் போகும் எண்ணம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும்.

“எங்க வழிக்கு வந்துருங்க காக்கா. இப்பவே ஆரம்பிச்சிரலாம். நீங்க, நான், ரெண்டு பேரு. முடிஞ்சுது,” என்று நான் சீண்டுவேன்.

“வாப்பா நிண்ட மாதிரித்தான் நானும் நிப்பன் தம்பி,” என்பார். “நாப்பது பேர் இல்லாத இடம் ஊரில்ல. அது தங்குற இடம்.”

“அப்ப பொம்பளைங்க கணக்கில்லையா?” என்று சஃபா கேட்டாள்.

“கணக்கில இல்லாட்டியும் நாப்பது பேருக்கும் சமைக்கிறது நாங்கதான்,” என்றார் ராத்தா.

எண்ணுகிற வேலை இப்படித் தொடங்கியது. எதையும் எழுதி வைக்கவில்லை. தஸ்பீஹ் ஓதுவது போல விரல் கணுக்களில் பெருவிரலை ஓட்டி எண்ணுவார். காலையில் விளம்பரத் தாள் போட்டுக்கொண்டு போகும்போதே வாசல்களைப் பார்த்துக்கொண்டு போவார். வெளியே செருப்புக் கிடந்தால் ஒரு நம்பிக்கை. அரிசிச் சாக்கைக் கால்மிதியாகப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை. கறிவேப்பிலைத் தொட்டி இருந்துவிட்டால் கதவைத் தட்டிவிடுவார்.

முக்கால்வாசி தப்பாகத்தான் போகும். செருப்புக் குவியல் மலையாள நர்ஸ்களுடையதாக இருக்கும். அரிசிச் சாக்கு பஞ்சாபிக்காரருடையது. ஒருமுறை சூப்பர்மார்க்கெட்டில் ஒருவர் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு, தயிர் அடுக்கிலிருந்து பின்தொடர்ந்து கார் நிறுத்துமிடம்வரை போய்விட்டார். அந்த மனிதர் பயந்துபோய் நின்று, என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பெயர் வெங்கட்ராமன். காக்கா முகம் விழுந்துபோனதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. “எங்க தெரு முனையில ஒரு நாகூர்க்காரர் இருக்கார் சார், வாங்க காட்டறேன்,” என்று கையோடு அழைத்துப் போனார். அப்படி ஒருவர் கிடைத்தார். அதன்பிறகு வெங்கட்ராமன் எங்கே பார்த்தாலும் “எத்தனை ஆச்சு சார்?” என்று கேட்பார். அவருடைய குடும்பமே கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கார் ஓட்டுகிறது. சாமி கும்பிடத் தூரம் போகும் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம், கேள்வியைக் கேட்பதுதான் கஷ்டம். போய் உட்கார்வார், தேநீர் குடிப்பார், ஊர் விசாரிப்பார். புறப்படும்போது, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்பார்: “தம்பி, இங்கதான் இருக்கிறதோ? இல்லாட்டி, போற எண்ணமோ?”

கூட மாட வேலைக்கு நானும் சில வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு யாரும் உடனே பதில் சொல்லிப் பார்த்ததில்லை. அக்கவுண்டன்ட், டாக்டர், லாரி ஓட்டுகிறவர், எல்லோரும் ஒரே மாதிரி கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் திரும்பி வீட்டுக்குள் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இருக்கிறதாத்தான் நினைக்கிறேன் பாய், ஆனா அவகிட்ட இன்னும் சொல்லல,” என்றார். இன்னொருவர் கண்கலங்கிவிட்டார்.

என்னிடமும் கேட்டார். பெரிய வீராப்பாக “ஆமா காக்கா, இங்கதான், வேற எங்க?” என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வழக்கமாக அம்மாவுக்குப் போன் போடுகிற நேரம் வந்தது. போட எனக்கு மனம் வரவில்லை. ஏதோ அவளுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது. பள்ளப்பட்டி வீட்டில் என் கட்டிலை அவள் இன்னும் விரித்து வைத்திருக்கிறாள்.

எண்ணிக்கை ஏறும், இறங்கும். யாருக்காவது நிரந்தர விசா வந்துவிட்டால் அவரைவிடக் காக்காவுக்குச் சந்தோஷம் அதிகம். “அல்ஹம்துலில்லாஹ்,” என்று விரல் கணுவை ஒன்று தள்ளுவார். சிட்னியில் வேலை கிடைத்து ஒருவர் டூங்கபிக்கு வீடு மாறிப் போனபோது, அவருக்கு லாரியில் சாமான் ஏற்ற உதவி செய்துவிட்டு வந்து விரல் கணுவில் ஒன்றைப் பின்னால் தள்ளினார். ஒரு வீட்டில் ஆண்குழந்தை பிறந்ததற்கு வாழ்த்தப் போன இடத்தில், “மாஷா அல்லாஹ். இனிப் பதினைஞ்சு வருசம் பொறுக்கோணும்,” என்று சொல்லிவிட்டு வந்தார். குழந்தையின் தகப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை.

2011 ஆகஸ்ட்டில், நோன்பு மாதத்தில், அரசாங்கமும் சென்சஸ் எடுத்தது. அவர்கள் பாட்டுக்கு எண்ணினார்கள், இவர் பாட்டுக்கு எண்ணினார். இவ்வளவு காலம் இருந்த மனிதர், பாஸ்போர்ட் இருக்கிறது, ரிஸ்னாவைக் கட்டிய மருமகன் இருக்கிறார். அரசாங்கம் காக்காவை எந்தச் சந்தேகமும் இல்லாமல் மெல்பேர்ன்வாசி என்று சேர்த்துக்கொண்டது.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் முனவ்வர் மௌலவி எங்கள் பக்கம் குடிவந்தார். கல்முனைக்காரர், வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். வார நாட்களில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. தமிழில் குத்பா சொல்ல ஆள் கிடைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை நண்பகலில் சமுதாயக் கூடத்தை வாடகைக்கு எடுத்தாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில், வசந்தம் முடிகிற சமயம், காக்கா என்னை அழைத்துச் சொன்னார்: “தம்பி, மௌலவியோட சேர்த்து நாப்பது.”

அந்த வெள்ளிக்கிழமை நான் அரைநாள் லீவு போட்டேன். கூடத்தின் ஒரு மூலையில் குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் வீடும் பந்துகளும் கிடந்தன. அவற்றைச் சுவரோரம் தள்ளிவிட்டு விரிப்பு விரித்தோம். பின்பக்கம் பெண்களுக்குத் திரை கட்டினோம். பக்ருன்னிசா ராத்தா பெரிய தட்டுகள் நிறைய வட்டிலப்பம் செய்து கொண்டுவந்திருந்தார். புதுச்சேலை உடுத்தி, அதன்மேல் வெள்ளைத் துப்பட்டி போட்டு, திரைக்குப் பின்னால் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

வேலைச்சட்டையோடு ஆட்கள் வந்தார்கள். நிரந்தர விசா இல்லாத, கணக்கில் சேராத மாணவர்கள் சிலரும் வந்தார்கள். காக்கா வாசலில் நின்று விரல் கணுக்களில் பெருவிரலை ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசி ஆள் உள்ளே வந்ததும் முன்னால் போய் மௌலவியிடம் சொன்னார்: “முப்பத்தொன்பது. என்னோட நாப்பது.”

மௌலவி எழுந்தார். பாங்கு சொல்லுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அது தன் பொறுப்பு என்றார். “காக்கா, ஒவ்வொருத்தரிட்டயும் கேட்டீங்கதானே, இங்கயே இருக்கிற எண்ணமோ எண்டு?”

“ஓம், எல்லாரிட்டயும் கேட்டனான்.”

“உங்களிட்ட யார் கேட்டது?”

விளையாட்டாகத்தான் கேட்டார். கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். ஆனால் காக்காவின் பெருவிரல் விரல் கணுவில் அப்படியே நின்றுவிட்டது. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருடத்துக்கு மேலாக இந்த மனிதர் ஊரெல்லாம் கேள்வி கேட்டார். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து தேநீர் குடித்த நாங்கள் ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

“நான் ஊருக்குப் போற ஆள் மௌலவி,” என்றார் காக்கா.

மௌலவியின் முகம் வெளிறிவிட்டது. பாவம், அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சட்டத்தை மெதுவாகச் சொன்னார். போகிற எண்ணத்தோடு தங்கியிருப்பவர் மேல் ஜும்ஆ கடமைதான், ஆனால் அவர் எண்ணிக்கையில் சேரமாட்டார். காக்கா தலையை ஆட்டினார். அந்தச் சட்டம் அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். முன்வரிசையிலிருந்து எழுந்து, பின்னால் மாணவர்கள் இருந்த இடத்துக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

சாதாரண நாளில் தொழுவதுபோல நண்பகல் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டுக் கலைந்தோம். எல்லோருக்கும் வேலைக்குத் திரும்பும் அவசரம். குத்பா இல்லை. வட்டிலப்பத்தைத் தொடக்கூட யாரும் நிற்கவில்லை.

காரில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “ஒரு வார்த்தை காக்கா. ஆமான்னு ஒரு வார்த்தை. யாரு வந்து பாக்கப் போறா?”

“தொழுகைக்கு நிக்கிற இடத்தில பொய் சொல்லச் சொல்லுறீங்களோ தம்பி?”

“அப்ப நிஜமாவே சொல்லுங்க. போகவா போறீங்க? போன வருஷம் போய்ப் பாத்துட்டுத்தானே வந்தீங்க. காடா கிடக்குன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“கிணறு இருக்கு,” என்றார். அவ்வளவுதான்.

பின்சீட்டில் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ராத்தா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குமேல் கத்த வாய் வரவில்லை.

வீட்டில் ராத்தா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். குடிக்காமல் கிளம்பினால் மரியாதை இல்லை என்று உட்கார்ந்தேன். காக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஊரிலிருந்து அவர் மச்சான் அழைப்பார். சண்டை முடிந்ததும் அங்கே திரும்பிப் போய்க் குடிசை போட்டிருப்பவர். அங்கேயும் பள்ளியைத் துப்புரவாக்கிவிட்டார்கள், அங்கேயும் ஆள் போதாது. நீங்களும் வந்தால் ஓர் ஆள் கூடும் என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். இதை அன்றைக்குத்தான் காக்கா என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, “அவன் என்னை எண்ணி வச்சிருக்கிறான் தம்பி,” என்றார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ராத்தா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். புதுச்சேலையை இன்னும் மாற்றவில்லை.

“நான் ஒண்டு சொல்லட்டோ?” என்றார். காக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“அண்டைக்கு எங்களிட்ட ஆரும் ஒண்டும் கேக்கல்ல. போங்க எண்டாங்க, போனம். புத்தளத்தில எத்தினை வருசம் இருப்பீங்க எண்டு ஆரும் கேக்கல்ல. இங்க வாறதுக்கும் நீங்க பிளேன் ரிக்கட்டைக் காட்டினீங்க, நான் வந்தனான். என்ட வயசுக்கு இண்டைக்குத்தான் ஒரு மனுசன் எழும்பி நிண்டு மரியாதையா எங்களைக் கேக்கிறார், இருக்கிறீங்களோ எண்டு.” நிறுத்தினார். பிறகு ஒரு நாற்காலியின் முதுகில் கை வைத்தார். “உங்களுக்கு ஊருக்குப் போகோணும் எண்டா நானும் வாறன். எப்பவும் வந்தனான்தானே. ஆனா ரெண்டு இடத்திலயும் இல்லாம இருக்க எனக்கு இனி ஏலாது. இந்தக் கதிரையில இருந்து எனக்கு இடுப்பு நோகுது.”

காக்கா மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். நான் கோப்பையை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்தேன். கார்க் கதவைத் திறக்கும்போது என் கண் நிறைந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது ஆம்பளை தெருவில் நின்று அழுதேன் என்று சஃபாவிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் பழையபடி துருக்கிப் பள்ளிக்கே போனோம். காக்கா வருவார், தொழுவார், நேரே வீட்டுக்குப் போவார். வெங்கட்ராமன் என்னைப் பார்த்து “எத்தனை ஆச்சு?” என்று கேட்டார். ஒன்று குறைகிறது என்றேன். “நான் வந்து நிக்கலாம்னா நின்னுடுவேன் சார்,” என்றார். அவருடைய பெரிய மனதுக்கு நாங்கள் கொடுத்துவைக்கவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய பிறகு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. “ஜாஹிர் தம்பி, ஆரிட்டயாவது ஒரு வேனைக் கேட்டு எடுத்துக்கொண்டு வாங்க.”

எதற்கு என்று சொல்லவில்லை. போனேன். பழைய தளவாடங்கள் விற்கும் ஒரு கடைக்கு வழி காட்டினார். உள்ளே போனதும் அவர் செய்த காரியம் கடைக்காரனுக்கே வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு சோபாவாகப் போய், ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். தூக்க வந்தால் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். நிறம் பார்க்கவில்லை, துணி பார்க்கவில்லை. கடைசியில் மூலையில் கிடந்த ஒரு கறுப்பு மர சோபா. கனத்த சட்டம், கால்களெல்லாம் கடைந்த மரம். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். அது அசையவில்லை.

“இது,” என்றார்.

எனக்கு அப்போதும் பாதிதான் புரிந்தது. நானும் காக்காவும் கடைக்காரனும் அவன் மகனும் சேர்ந்து வேனில் ஏற்றினோம். வீட்டு வாசலில் மருமகனையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட வேண்டியிருந்தது. சோபாவைக் கதவில் நுழைக்க ஒருக்களிக்க வேண்டும், நேராக்க வேண்டும், மறுபடி ஒருக்களிக்க வேண்டும். காக்கா மூச்சு வாங்க வாங்க இழுத்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பக்ருன்னிசா ராத்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். சோபாவைப் பார்த்தார். கிட்டே வந்து அதன் கைப்பிடியைத் தடவினார். ஒரு ஓரத்தைத் தள்ளிப் பார்த்தார்.

“இதை எப்படி ஊருக்குக் கொண்டுபோறது?” என்றார்.

“கொண்டுபோறதில்ல,” என்றார் காக்கா.

ராத்தா உட்கார்ந்தார். முதலில் ஓரத்தில், பிறகு நன்றாகப் பின்னால் தள்ளி, முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார். துப்பட்டியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். காக்கா பக்கத்தில் உட்காராமல், வேர்வையைத் துடைத்துக்கொண்டு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானுக்குக் காலையிலேயே போன் செய்து சொல்லிவிட்டதாக என்னிடம் மெதுவாகச் சொன்னார். “என்ட இடத்துக்கு வேற ஆளை எண்ணுங்க எண்டு சொல்லிப் போட்டன். அவன் ஒண்டும் கதைக்கல்ல தம்பி. கனநேரம் ஒண்டும் கதைக்கல்ல. பிறகு, அங்க எத்தினை பேர் எண்டு கேட்டான்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. மௌலவிக்கு ஒரே ஒரு போன்தான் போயிருந்தது. எப்படியோ எல்லோரும் வந்துவிட்டார்கள். அதே கூடம், அதே பிளாஸ்டிக் வீடு, திரைக்குப் பின்னால் அதே வட்டிலப்பத் தட்டுகள். மௌலவி எதுவும் கேட்கவில்லை. முன்னால் நின்றுகொண்டு காக்காவைப் பார்த்தார்.

காக்கா வரிசைகளுக்கு எதிரே வந்து நின்றார். இத்தனை நாளும் எண்ணும்போது மற்றவர்களைத்தான் எண்ணுவார். தன்னைக் கடைசியில் ஒட்டவைத்துக்கொள்வார். அன்றைக்கு வலது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார்.

“ஒண்டு,” என்றார்.

மௌலவியைப் பார்த்து இரண்டு என்றார். பிறகு வரிசையில் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுக்கொண்டே வந்தார். நாகூர்க்காரர், லாரி ஓட்டுகிறவர், மனைவியிடம் இன்னும் சொல்லாதவர். நான் கடைசி வரிசையின் ஓரத்தில் இருந்தேன். என் தோளில் கை விழுந்தபோது எண்ணிக்கை நிறைந்துவிட்டது. நாற்பதாவது ஆள் நான். மூன்று பேர் போதும் என்று ஒரு வருடமாக வாய் ஓயாமல் பேசிய ஹனஃபி, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாங்கு சொன்னார்கள். மௌலவி தமிழில் பேசத் தொடங்கினார். திரைக்குப் பின்னால் யாரோ குழந்தைகளை அதட்டினார்கள்: “சத்தம் போடாதீங்க, எனக்கு விளங்குது.”